பின்சக்கரத்தில் உப்பு

திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பைக் பட்டறை வைத்திருந்த அஹமது கபீருக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் கிடையாது. செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட் தஞ்சாவூரிலிருந்து வரும் பெட்டியின் மேல் நாற்பத்திரண்டு பல் என்று அச்சடித்திருக்கும். அவர் பிரித்து, விரல் வைத்து, ஒவ்வொரு பல்லாக எண்ணிய பிறகுதான் ரசீதில் கையெழுத்துப் போடுவார்.

எப்போதும் அப்படி இருந்தவரில்லை. தொண்ணூற்று மூன்றில் சவூதிக்குப் போவதற்காக மும்பைக்குப் போனார். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்ட ஏஜெண்ட் திரும்பி வரவே இல்லை. ஒரு லாட்ஜ் அறையில் பதினோரு பேரோடு நாற்பது நாள் படுத்துக் கிடந்துவிட்டு, கொண்டுபோன அதே பெட்டியோடு பட்டப்பகலில் ஊர் வந்து இறங்கினார். "என்ன பாய், அதுக்குள்ள லீவா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஏமாந்துட்டேன்" என்று சொன்னார். மனைவி அனீஸாவிடமும் அதே ஒரு சொல்தான். அதற்குப் பிறகு யார் பேசினாலும், சொன்னதை விட்டுவிட்டு எதைச் சொல்லவில்லை என்று பார்க்கிற ஆளாகிவிட்டார்.

தொண்ணூற்றேழு தை மாதம், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவன் பழைய பைக்கில் வந்தான். முப்பது வயதிருக்கும். பெயர் அரசப்பன் என்றான்.

"வண்டி லோடு இழுக்க மாட்டேங்குது பாய்."

"என்ன லோடு?"

"நெல்லு மூட்டைதான்."

"பின்னாடி பல்லைக் கூட்டிப் போட்டா இழுவை கூடும். ஆனா வேகம் போயிடும். பெட்ரோலும் குடிக்கும்."

"வேகம் எனக்கு எதுக்கு? இழுத்தாப் போதும்."

கபீர் பின்சக்கரத்தைக் கழற்றி, நாற்பத்திரண்டு பல்லை எடுத்துவிட்டு நாற்பத்தாறு பல் போட்டார். பல்சக்கரம் பெரிதானதால் செயின் எட்டவில்லை. இரண்டு கண்ணி சேர்த்து மாட்டினார்.

சித்திரையில் அவன் திரும்பி வந்தான். செயின் வழுக்குகிறது என்றான். கபீர் பார்த்தார். மூன்றே மாதத்தில் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல் ஆகியிருந்தன. நெல் ஏற்றுகிற வண்டி எதுவும் இப்படித் தேயாது. செயின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி, அவன் பார்க்காதபோது நாக்கில் வைத்தார். கரித்தது.

'நெல்லு எப்ப உப்புக் கரிச்சுது?' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார்.

அவன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். பேசி முடித்து வந்தவன், "நாப்பத்தெட்டு பல் கிடைக்குமா பாய்?" என்றான். பூத் வைத்திருக்கும் மூஸா அவன் முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் கபீருக்குக் கையைக் காட்டினார்.

"தஞ்சாவூர்லேருந்து வரணும் தம்பி. வண்டியை விட்டுட்டுப் போங்க. செவ்வாக்கிழமை வாங்க."

அவன் தயங்கினான். பிறகு தெற்கே போகிற பஸ்ஸில் ஏறிப் போனான்.

"பாய், அவன் பேரு என்ன சொன்னான்?" என்று மூஸா கேட்டார்.

"அரசப்பன்."

"கதவைச் சாத்தினாலும் வெளிய கேக்கும். போன்ல பகலவன் பேசுறேன்னான். அது மட்டுமா? குடவாசல் பக்கம் நம்பரைப் போட்டுட்டு, 'இங்க சிங்கப்பூர்ல நல்ல மழை, இப்பதான் ஷிப்ட் முடிஞ்சுது'ங்கிறான்!"

கபீர் விரல் விட்டு எண்ணினார். இரண்டு பெயர், முகத்தில் துண்டு, சிங்கப்பூர். ஏஜெண்டேதான். எந்தக் குடும்பத்தையோ ஏமாற்றிவிட்டு, அவர்கள் பிள்ளை நல்லபடியாக இருப்பதாகப் போனில் கதை விடுகிறான். மூஸாவிடமிருந்து பில்லின் நகலை வாங்கி, மறுநாள் காலை அந்த எண்ணுக்குப் போன் செய்தார். குடவாசலுக்குப் பக்கத்து ஊரில் வைத்தியலிங்கம் என்பவரின் மளிகைக் கடை. "பகலவனா? அவரு சிங்கப்பூர்ல. சம்சாரத்துக்குத்தான் இங்க போன் வரும்" என்றார் கடைக்காரர்.

கபீர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

பகலவனின் மனைவி கண்ணாத்தாள் வாய்க்கால் ஓரத்து வீட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஏஜெண்டைப் பற்றி எச்சரிக்க வந்த கபீர், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்ததும் அதன் அருகே போய் நின்றார். மாலையோடு நின்றவன் பட்டறைக்கு வருகிற அதே ஆள்.

"நீங்க சிங்கப்பூர்லேருந்து வர்றீங்களா பாய்?"

"இல்லம்மா. அவரைத் தெரியும். அவ்வளவுதான்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்னா ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. மேலத்தெருப் பையனும் சிங்கப்பூர்லதான் இருக்கான். அவன் பேசுனா நாம கேட்டு, கொஞ்சம் நின்னுதான் பதில் வரும். இவரு பேசுனா நான் முடிக்கிறதுக்குள்ள பதில் வருது. தீபாவளிக்கு யாரோ லாரிக்காரர் கையில சேலை குடுத்தனுப்பினாரு. சிங்கப்பூர் சேலையாம். மடிப்புக்குள்ள நாகப்பட்டினத்துக் கடை சீட்டு இருக்கு. அவரு இங்கதான் எங்கயோ வேற குடும்பம் வச்சிருக்காரு. அப்படித்தானே?"

"எனக்கு அது தெரியாதும்மா. விசாரிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கபீர் எழுந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னையும் அவள் நம்பவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தவனிடம் கபீர், "பகலவன், உட்காருங்க" என்றார்.

அவன் முகம் வெளுத்தது. "யாரு நீங்க? போலீஸ்ல சொல்லியிருக்கீங்களா?"

"மும்பை லாட்ஜ்ல நாப்பது நாள் கிடந்துட்டுத் திரும்பி வந்தவன் நான். சிங்கப்பூர் எந்தப் பக்கம்? வேதாரண்யம் உப்பளமா?"

அவன் துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டான். இரண்டு மா நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனானாம். ஏஜெண்டின் ஆபீஸ் பூட்டிக் கிடந்ததாம். தெருவே திரண்டு மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்ட ஊருக்கு எப்படித் திரும்புவது? ஒன்றரை வருஷமாக உப்பளத்தில் வேலை. லாரி போக முடியாத வரப்பில் மூட்டை மூட்டையாக உப்பைப் பைக்கில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவருகிறான்.

"ஏமாந்துட்டேன்னு அவகிட்ட எந்த வாயால சொல்றது பாய்?"

"நீங்க ஏமாந்ததா அவங்க நினைக்கல. நீங்க ஏமாத்துறதா நினைக்கிறாங்க. வேற ஒருத்தி இருக்காளாம் உங்களுக்கு."

"எனக்கா?" பகலவன் எழுந்து நின்றுவிட்டான். அவமானத்தையெல்லாம் தாண்டி அவனுக்குக் கோபம் வந்தது. "உப்புத்தண்ணியில காலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, எனக்கா?"

"இதை என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்?"

கபீர் வண்டியை எடுத்துவந்தார். ஊர்வரை ரோட்டில் போக வேண்டுமே என்று நாற்பத்திரண்டு பல் மாட்டி, சேர்த்த கண்ணிகளைக் கழற்றி, செயினை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பகலவன் வடக்கே திரும்பினான். அவன் உண்மையிலேயே வீட்டுக்குத்தான் போகிறானா என்று கபீருக்குச் சந்தேகம். ரோட்டு வளைவில் மறையும்வரை பார்த்தார்.

வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடக் கண்ணாத்தாள் நம்பவில்லை. உப்பளம் என்றால் எந்த உப்பளம், தங்குவது எங்கே, சமையல் யார் என்று மூன்று நாள் கேட்டாள். நான்காம் நாள் விடிந்ததும் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "கொண்டுபோய்க் காட்டுங்க" என்றாள்.

உப்பளத்தில் அவன் தங்கியிருந்த கீற்றுக் கொட்டகைக்குள் அவள் முதலில் அடுப்பைப் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள். மூலையில் கவிழ்த்திருந்த பாத்திரங்களை நிமிர்த்தினாள். ஒரு சட்டி, ஒரு டம்ளர், ஒரு தட்டு. தட்டின் விளிம்பில் உப்புப் பூத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். "காலை நீட்டுங்க, பார்ப்போம்" என்றாள்.