மூன்றாகத் தைத்த எட்டு

ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பாஸ்கெட்பால் டீமின் முதல் ஆட்டக்காரியை, ஃபைனல் அன்று பெஞ்சில் உட்கார வைத்த டைலர் நான்தான். கும்மிடிப்பூண்டியில் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பேன்ட் நீளம் குறைந்திருக்கிறது, காலர் கோணியிருக்கிறது. அதெல்லாம் கைத்தவறு. சாமி பேரைச் சொல்லி, நல்லது என்று நினைத்துச் செய்த தவறு இது ஒன்றுதான். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

1. ஆர்டர்

என் கடையில் முக்கால்வாசி ஃபேக்டரி யூனிஃபார்ம்தான். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையிலிருந்து மொத்தமாக வரும். முட்டியில் டபுள் துணி, பாக்கெட்டில் டபுள் தையல். இழுத்தாலும் பிரியக் கூடாது. விளையாட்டுச் சட்டை எனக்குப் பழக்கமில்லை.

போன வருஷம் அரசுப் பெண்கள் பள்ளியின் பி.டி. மிஸ் கடைக்கு வந்தார். கூட பன்னிரண்டு பெண்கள். அந்த டீம் அதுவரை ஏழு ஆட்டம் ஆடி ஏழும் ஜெயித்திருந்தது. பழைய நீலச் சட்டை சாயம் போய் ஆளுக்கு ஒரு கலராக இருந்தது. ஒரு கம்பெனிக்காரர் மெரூன் கலர் துணி வாங்கிக் கொடுத்திருந்தார்.

"பிரின்ட் அடிச்சா நாலு தோய்ப்புல உரியுது டைலரே. நம்பர வெள்ளைத் துணில வெட்டித் தச்சே குடுங்க. ஃபைனலுக்குப் புதுசு போட்டுக்கினு எறங்கணும்" என்றார் மிஸ்.

"ஃபைனலுக்குப் போவீங்களா மிஸ்?"

"துணிய வெட்டுங்க, சொல்றேன்."

நான்கிலிருந்து பதினைந்து வரை நம்பர். ஒவ்வொரு பெண்ணாக அளவு எடுத்தேன். கடைசியாக வந்தவள் லோகேஸ்வரி. ஆரம்பாக்கத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு. தோள் அளவு எடுக்க நான் ஸ்டூல் மேல் ஏறினேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

"மாமா, கைத்துளைய ரெண்டு இஞ்ச் எறக்கி வெய்யுங்க. கையத் தூக்குனா துணி இழுக்கக் கூடாது."

"அவ்ளோ எறக்குனா நல்லா இருக்காதும்மா."

"உள்ள டீ-ஷர்ட் போட்டுக்குவேன் மாமா. துணி இழுத்துச்சுன்னு வெய்யுங்க, பால் ரிங்குல பட்டு வெளிய வந்துடும். அப்ப ஒங்களத்தான் திட்டுவேன்."

நம்பர் கேட்டேன். எட்டு என்றாள். விரும்பிக் கேட்டதா என்றேன்.

"இல்ல மாமா. மொத மொதல்ல நம்பர் எடுக்கச் சொன்னப்ப ராசியில்லன்னு எட்ட யாரும் தொடல. அநாதையா கெடந்துச்சு. நான் எடுத்துக்கினேன்."

ஆர்டர் சீட்டில் எட்டுக்கு நேராக லோகேஸ்வரி என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது.

2. நான் செய்த காரியம்

அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். மொத்தம் ஒன்பது. திருவள்ளூரில் சனிக்கிழமை மாவட்ட ஃபைனல். ஊரில் டீக்கடையில்கூட இதே பேச்சு. அவள் பெயர் பலருக்குத் தெரியாது. "அந்த எட்டாம் நம்பர் பொண்ணு" என்பார்கள்.

வியாழக்கிழமை அவள் அம்மா அமுதா கடைக்கு வந்தாள். ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. யூனிஃபார்ம் கோட்டில் பட்டன் போயிருந்தது. முகம் சரியில்லை.

"செமி ஃபைனல்ல கால் பிசகிட்சுண்ணா. ஊட்ல பட்டி போட்டுக்கினு ஒக்காந்துக்கினு இருக்குது. ஜோசியரு அஷ்டமத்துச் சனின்றாரு. ஃபைனல் பாக்கறதுக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்லேர்ந்து ஆள் வராங்களாம். அன்னிக்கு நல்லா ஆடுனாதான் சீட்டு. நீ தெனமும் சாமி கும்புடுற ஆளு. எம் பொண்ணுக்கும் ஒரு வார்த்தை சொல்லுண்ணா."

சொல்கிறேன் என்றேன். அதோடு நின்றிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் லோகேஸ்வரியின் சட்டைக்கு நம்பர் வெட்ட உட்கார்ந்தேன். எதிரே தினசரி காலண்டர். அதன் பின்னட்டையில் எந்தக் கிரகத்துக்கு எந்த எண் என்று போட்டிருக்கும். எட்டு, சனி. மூன்று, குரு. ஆட்டமும் சனிக்கிழமை. பெண்ணுக்கும் சனி. முதுகிலும் சனியைத் தைத்து அனுப்புவதா என்று தோன்றிவிட்டது. மூன்று யாருக்கும் கொடுக்காத நம்பர். ஒரு நம்பரில் என்ன இருக்கிறது, குழந்தை நன்றாக இருந்தால் போதும் என்று மூன்றை வெட்டித் தைத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது உள்ளுக்குள் எனக்கே தெரியும்.

3. சனிக்கிழமை

கடைசி இரண்டு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வெள்ளி இரவுதான் முடிந்தது. அதனால் நானே பண்டலோடு திருவள்ளூருக்குக் கிளம்பினேன். விடியற்காலை வீரராகவப் பெருமாளைச் சேவித்து, குளத்தில் அந்தப் பெண்ணின் காலுக்காக வெல்லம் கரைத்தேன். வெல்லம் கரைவதுபோல நோவும் கரையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நெற்றியில் திருமண், புது வேட்டி. அப்படியே கிரவுண்டுக்குப் போய்ப் பண்டலைக் கொடுத்தேன்.

லோகேஸ்வரி காலில் பட்டி போட்டிருந்தாள். ஆனால் நொண்டவில்லை. சட்டை மாற்றப் போனார்கள். வரும்போது மிஸ் முன்னால் வந்தார்.

"டைலரே, இன்னா காரியம் பண்ணிக்கினு வந்துக்கிறீங்க?"

பின்னால் லோகேஸ்வரி. நெஞ்சில் மூன்று.

ஸ்கோர் டேபிளில் இருந்தவர் லிஸ்டைக் காட்டினார். "முந்தாநேத்தே கையெழுத்துப் போட்டுக் குடுத்த லிஸ்ட் மேடம் இது. இதுல எட்டு, சட்டைல மூணு. இதோட எறக்க முடியாது. எட்டு போட்டுக்கினு வரச் சொல்லுங்க, இல்லன்னா பெஞ்சு."

பழைய நீலச் சட்டை கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. போய்வர மூன்று மணி நேரம். ஆட்டத்துக்கு இருபது நிமிடம்.

"பிளாஸ்டர் ஒட்டட்டுமா சார்?" என்றார் மிஸ்.

"வேர்வைல கழண்டு தரைல வுழும். எவளாவது வழுக்கி வுழுவா. தச்சுக்கினு வாங்க."

மிஸ் என்னைப் பார்த்தார். பயந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். காலண்டர், குரு, சனி, எல்லாம். மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். லோகேஸ்வரிதான் பேசினாள்.

"மாமா, ஒம்போது மேட்ச் அந்தச் சனியக் கூட வெச்சிக்கினுதான ஜெயிச்சோம்? பத்தாவதுக்கு மட்டும் அவர இன்னாத்துக்கு ஊட்ல வுட்டுட்டு வரச் சொன்னீங்க?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பில் கண் கலங்கியிருந்தது.

4. வேட்டி

என் சட்டைப் பாக்கெட்டின் உள்பக்கம் எப்போதும் ஒரு ஊசியும் அதைச் சுற்றி வெள்ளை நூலும் இருக்கும். டைலர் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மூன்றைப் பிரிக்கத் தேவையில்லை. கட்டம் கட்டமாக வெட்டிய எண் அது. இடது பக்கம் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை வைத்து மூடினால் எட்டு. முன்னால் இரண்டு, முதுகில் இரண்டு, நான்கு பட்டை. ஆனால் வெள்ளைத் துணி இல்லை.

குனிந்து பார்த்தேன். புது வேட்டி.

மிஸ்ஸின் மருந்துப் பெட்டியில் பட்டி வெட்டும் கத்திரி இருந்தது. வேட்டி முனையைப் பிடித்து வெட்டினேன்.

"மாமா, பாத்து. கப்புக்கு முன்னாடி நீங்க வேட்டியப் பறிகுடுத்துட்டு நிக்கப் போறீங்க" என்றாள் லோகேஸ்வரி. பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். மிஸ்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே போட்டிருந்த டீ-ஷர்ட்டோடு நின்று, சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். பெஞ்ச் மேல் விரித்துத் தைக்க ஆரம்பித்தேன். பதற்றம் வந்தால் நான் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான், தையலுக்குத் தையல் மந்திரம் சொல்வது. ஓம் நமோ நாராயணாய. ஒரு எழுத்துக்கு ஒரு தையல். ஒரு மந்திரம் முடிந்தால் எட்டுத் தையல்.

முதல் பட்டை முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. சின்ன வயதிலிருந்து நான் சொல்வது எட்டெழுத்து மந்திரம். சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள் என்று அன்று காலைதான் வெல்லம் கரைத்துவிட்டு வருகிறேன். எட்டெழுத்தை வாயில் வைத்துக்கொண்டு எட்டைக் கண்டு பயந்திருக்கிறேன். நெற்றியில் இருந்த திருமண்ணுக்கே வெட்கமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஊசி வேகமாக ஓடியது.

ஆனாலும் நேரம் போய்விட்டது. முன்பக்கம் முடிவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அவள் இல்லாமல் ஆட்டம் தொடங்கியது. நான் தலை நிமிரவில்லை. எதிர் டீம் ஆட்கள் கத்தும் சத்தத்தை வைத்தே கூடை விழுவது தெரிந்தது. முதல் குவார்ட்டர் முடிவில் அவர்கள் பதினான்கு, நாம் ஆறு.

முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தேன். டேபிள்காரர் பட்டையை விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"பிரியாதே?"

"ஃபேக்டரி பேன்ட் தைக்கிறவன் சார்."

"சரி, போ எட்டு" என்றார்.

லோகேஸ்வரி இறங்கினாள். பந்து கைக்கு வந்ததும் கை மேலே போயிற்று. டைலர் கண் கைத்துளையைத்தான் பார்த்தது. துணி இழுக்கவில்லை. பந்து ரிங்கைத் தொடாமல் வலைக்குள் விழுந்தது. எனக்கு அந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. ஒருத்திக்குப் போகும் பந்தை இவள் நடுவில் பறித்தாள், மூன்று பேர் மறித்தால் பார்க்காமலே நான்காவது ஆளுக்குக் கொடுத்தாள். தானே போடலாம் என்ற இடத்திலும் கொடுத்தாள். இடைவேளைக்குள் எட்டுப் புள்ளி வித்தியாசம் இரண்டாகிவிட்டது. மூன்றாவது குவார்ட்டரில் சமம். கடைசியில் நாம் நாற்பத்தொன்று, அவர்கள் முப்பத்தாறு.

பத்துக்குப் பத்து. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். நான் வேட்டியின் வெட்டுப்பட்ட முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கோவிந்தா கோவிந்தா என்று கத்தினேன். ஹாஸ்டலிலிருந்து வந்த அம்மா, லோகேஸ்வரியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அமுதாவுக்கு மிஸ் போன் போட்டார். ஷிஃப்ட்டில் இருந்தாள். போனிலேயே அழுதாளாம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி வேட்டியைப் பார்த்தாள். "வெல்லத்தக் கரைக்கப் போனவரு வேட்டியக் கரைச்சுக்கினு வந்துக்கிறாரு" என்றாள். விஷயத்தைச் சொன்னதும், மிச்ச வேட்டியைத் துவைத்து மடித்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள்.

5. கற்றுக்கொண்டது

தம்பிகளே, தங்கைகளே, ஆர்டர் சீட்டில் என்ன இருக்கிறதோ அதைத் தையுங்கள். வாடிக்கையாளருக்கு அதற்கு மேல் நல்லது செய்ய ஆசை வந்தால், கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அதைச் சாமியிடம் போய்ச் சொல்லுங்கள். அளவு எடுப்பது நம் வேலை. தலையெழுத்து அவர் வேலை. அவர் கத்திரியை நாம் எடுக்கக் கூடாது.

கப்போடு எடுத்த போட்டோ கடையில் மாட்டியிருக்கிறது. லோகேஸ்வரி வேண்டுமென்றே திரும்பி நின்று முதுகைக் காட்டியிருக்கிறாள். எட்டின் கீழ்ப் பட்டையில் பச்சையாக ஒரு கோடு தெரியும். வேட்டிக் கரை அது. அவசரத்தில் கரையோடு வெட்டிவிட்டேன். மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டேன். "கை வெச்சீங்கன்னா பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன வாரம், இந்த வருஷ டீமுக்கு அளவு எடுக்க மிஸ் பெண்களோடு வந்தார். லிஸ்டில் எட்டுக்கு நேரே பெயர் இல்லை.

"எட்டு யாருக்கு மிஸ்?"

"நாலு பேரு கேட்டுக்கினு சண்ட போடுறாங்க டைலரே. ஒங்க கடையிலயே சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்னு வந்தோம்."

குலுக்கிப் போட்டோம். யாருக்கு விழுந்ததோ அந்தப் பெண் துள்ளினாள். மற்ற மூன்று பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நம்பரில் முதலில் எட்டைத்தான் வெட்டினேன்.