வாயால் எழுதிய கணக்குப் பரீட்சை

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு மார்க்கைப் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள் பாருங்கள், அந்தப் புண்ணியவான்களை மன்னிக்க எனக்கு இன்றும் மனசில்லை. கோட்டாற்றில் எனக்கு அடுத்த வீட்டுக்காரன் மினி லாரி ஓட்டுகிறவன். டீக்கடையில் நாலு பேர் நடுவில் நின்று அதைப் பார்த்திருக்கிறான். மகன் பெயருக்கு நேரே கணக்கில் இருபத்தெட்டு. பக்கத்தில் நின்ற ஒருவன், "உனக்க மொவனும் உன்னப்போல லாரி வளையம் பிடிக்கத்தான் போவான்" என்று சிரித்திருக்கிறான். அது போதாதா அவனுக்கு!

நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறவள். அந்தப் பயலும் என்னிடம்தான் படித்தான். அன்று சாயந்தரம் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டில் பாத்திரம் உருண்டது. பிறகு அடி விழுந்தது. காய்ந்த தென்னை மட்டை முதுகில் விழுந்தால் ஒரு சத்தம், எலும்பில் விழுந்தால் வேறு சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பயல் அடுக்களைச் சுவரோரம் சுருண்டு கிடந்தான். தலையைக் காப்பாற்ற வலது கையைத் தூக்கியிருக்கிறான். முழங்கைக்குக் கீழே கை ஒடிந்து தொங்கியது. அவன் தாய் புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், அவள் உதட்டிலும் ரத்தம். எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கச்சி வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"லேய், கொலைகாரப் பாவி!" என்று மட்டையைப் பிடுங்கினேன்.

"எனக்க மொவன். அடிப்பேன், வெட்டுவேன். டீச்சர் உங்க சோலியப் பாருங்க" என்றான்.

அதே மட்டையால் அவன் முட்டியில் ஒன்று வைத்தேன். நொண்டிக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வலித்திருக்கும். நன்றாக வலிக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் எலும்பு ஒடிந்தால் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள், முறிவு வைத்தியரிடம்தான் போவார்கள். இவனும் திரும்பி வந்து மகனை அங்கேதான் கொண்டுபோனான். மூங்கில் பத்தை வைத்து, எண்ணெய்த் துணி சுற்றி அழகாகக் கட்டி அனுப்பினார் வைத்தியர். கட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்று தெருவில் சொல்லியாயிற்று.

ஆனால் பொதுத்தேர்வு வாசலில் நிற்கிறது, பயலால் பேனாவைப் பிடிக்க முடியாது. அவன் வாயால் சொல்ல, ஓர் ஆசிரியர் உட்கார்ந்து எழுதித்தர வழி இருக்கிறது. அதற்கு அரசு டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நாட்டு வைத்தியர் கட்டு அங்கே செல்லாது. இதைத் தகப்பனிடம் சொன்னதும் குதித்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படி ஒடிஞ்சுதுன்னு கேப்பான். போலீசுக்குச் சொல்லுவான். அடுத்த வருசம் எழுதட்டும். அதுவரைக்கும் எனக்க வண்டில கிளீனரா வரட்டு."

பயல் முகம் செத்துப்போயிற்று. அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. பத்து பாஸாகி, வெளியூர் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, ஹாஸ்டலுக்குப் போய்விட வேண்டும். அந்த வீட்டில் இன்னொரு வருஷம், அதுவும் பகல் முழுக்க அந்த லாரியில் அந்த ஆளுக்குப் பக்கத்தில்!

தகப்பன் திற்பரப்புப் பக்கம் லோடு ஏற்றிப் போன நாள் பார்த்து, பயலையும் தாயையும் ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் கையைப் பார்த்தார், சட்டையைத் தூக்கி முதுகையும் பார்த்தார்.

"எப்படிடா?"

"பைக்ல இருந்து விழுந்தேன் சார்."

தாய் தரையைப் பார்த்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். போலீஸ் வந்தால் வீடு ரெண்டாகும், பரீட்சை காற்றில் போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மாவுக்கட்டுப் போட்டு, கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

விஷயம் தெரிந்து தகப்பன் என் வீட்டு ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்தான். "இன்னொரு கல்லு விழுந்துது, ஸ்டேஷனுக்கு நானே போவேன். எல்லாத்தையும் சொல்லுவேன்லே" என்று தெருவில் நின்று கத்தினேன். அதோடு அடங்கினான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான யுத்தம். பயல் வாயே திறக்காதவன். அடி வாங்கி வாங்கி, பதில் சொன்னால் இன்னும் விழும் என்று படித்து வைத்திருந்தான். விகிதசமத் தேற்றத்தைச் சொல் என்றால் தரையைப் பார்ப்பான்.

"தெரியும் டீச்சர். சொல்லத்தான் வரல்ல."

"சொல்ல வரல்லன்னா உனக்குத் தெரியாதுன்னு அர்த்தம்லே. புத்தகத்த முறைச்சுப் பாத்துட்டு இருந்தா படிப்பா? எளவு, வாயத் தொற!"

மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அவனுக்கு எழுத உட்கார வைத்தேன். பழைய கேள்வித்தாள்தான் பாடம். அவன் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், சொல்லாததை எழுதக்கூடாது. ஒருநாள் ஒரு பெண் பிள்ளை எழுதிய விடை முழுக்கத் தப்பாக வந்தது. இவன் ஸ்டூலை எட்டி உதைத்தான், அது சுவரில் மோதிக் கால் ஒடிந்தது.

"ஏட்டி, நான் மைனஸ்னுதான சொன்னேன்?"

"அடைப்புக்குறி எங்க சொன்ன? சொன்னாதான எழுதுவேன்? கத்தாத, சவமே!"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்தப் பயல் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், டஸ்டரால் மேஜையில் ஓங்கி ஒரு அடி போட்டு, "முதல்ல இருந்து சொல்லு" என்றேன். சொன்னான். எங்கே திக்கினானோ அதை மறுபடி படித்தான், மறுபடி சொன்னான். எதிரே உட்கார்ந்து எழுதிய பிள்ளைகளுக்கும் தேற்றம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடாயிற்று.

பொதுத்தேர்வில் கணக்கில் எழுபத்தொன்று வாங்கினான்.

ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் தகப்பன் லட்டு டப்பாவோடு தெருவில் இறங்கினான். வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றான், பின்னாலேயே பாதித் தெரு.

"அடி பலிச்சிட்டு, பாத்தியளா டீச்சர்? நான் கைய ஓங்கல்லன்னா இந்த மூதி இந்த மார்க்கு வாங்குமா?"

கூட நின்ற தகப்பன்மார் தலையாட்டினார்கள். ஒருவன் தன் மகனைப் பார்த்து, "கேட்டுக்கலே" என்றான். அடுத்த வீட்டுக்காரன் தன் மகளின் மணிக்கட்டைப் பிடித்து என் முன்னால் இழுத்து நிறுத்தினான்.

"இவளையும் உங்ககிட்ட விடுதேன். படிப்ப நீங்க பாத்துக்கிடுங்க. அடிய நான் பாத்துக்கிடுதேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அட சண்டாளா! பயல் தொண்டை வறளச் சொல்லிச் சொல்லி வாங்கிய மார்க்கை இவன் தன் மட்டைக்குச் சாட்சியாக்கிவிட்டானே! லட்டை அவன் மூஞ்சியிலேயே எறியப் போனேன். அதற்குள் பயல் எங்கள் நடுவில் வந்து நின்றான்.

"அப்பா, நான் பைக்ல இருந்து விழல்ல." தெருக்கோடி வரை கேட்டது. "எனக்க கைய நீங்க மட்டையால அடிச்சு ஒடிச்சிய. லட்டு குடுத்த வீட்டுல எல்லாம் அதையும் சொல்லிக் குடுங்க."

தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். தகப்பன் கையை ஓங்கினான். பயல் தலையைக் குனியவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"அடிங்க. எல்லாரும் பாக்கட்டு."

ஓங்கிய கையை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் தங்கச்சி தன் மணிக்கட்டை உருவிக்கொண்டு, அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றாள்.