இடது கண்ணில் மட்டும் பனி

முன்கண்ணாடியில் பனி இல்லை. ஆனாலும் அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜமுனாமரத்தூரைத் தாண்டி, சாமை விளைந்த சரிவுகளின் ஓரமாக எங்கள் கண் பரிசோதனை முகாம் வேன் போய்க்கொண்டிருந்த ஒரு முற்பகல் அது. வெயில் ஏறி, பனியெல்லாம் பள்ளத்தாக்கின் அடியில் ஒதுங்கிவிட்டிருந்தது. எங்கள் டிரைவர் அண்ணன் வண்டியை மெதுவாக்கி, மஞ்சள் துணியால் கண்ணாடியின் உள்பக்கத்தைத் தேய்த்தார், விழித்துப் பார்த்தார், மறுபடியும் தேய்த்தார். பிறகு ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏழு வருடங்களாகிவிட்டன. அந்தத் துணி மட்டும் இன்னும் என் நினைவில் மெல்ல, சத்தமில்லாமல் அசைகிறது. கனவில் பார்த்ததா நேரில் பார்த்ததா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

"பனி எறங்கிச்சும்மா. எடது பக்கம் மட்டும்" என்றார்.

நான் சிரித்தேன். "பனிகூட உங்களுக்குப் பாதி பாதியாத்தான் வருதாண்ணே?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "தெளிஞ்சிடுச்சு" என்று சொல்லி வண்டியை எடுத்தார். ஜவ்வாது மலையில் பனி ஒரு செய்தியே இல்லை. காலையில் எதிர்வீடு காணாமல் போகும், வெயில் வந்ததும் அதே இடத்தில் நிற்கும். கண்ணை மறைக்கிற எதையும் பனி என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழகியிருந்தது. கண்ணைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட எனக்கும்தான்.

அவர் கண்ணமங்கலத்துக்காரர். வாய் ஓயாத மனிதர். போளூரிலிருந்து மலையேறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். எதிரே வருகிற வண்டி வழிவிடாமல் முறைத்துக்கொண்டு நிற்கும் வளைவு சம்பந்தி வளைவு. எப்போதும் குளிர்ந்த காற்று வீசுவது மாமியார் வீடு. அவர் பேச்சைக் கேட்டபடியே தூங்கிப்போய், கண் விழித்தால் மலையின் மேல் இருப்போம். சர்க்கரையும் பிரஷரும் அவருக்கு இருந்தன. மாத்திரைகள் வீட்டில் இருக்கும், அவர் மலையில் இருப்பார். என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். எழுத்துப் பலகையைப் படிக்க வைத்து, கண்ணாடிக்கு அளவு பார்த்து, கண்புரை இருப்பவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற உதவியாளர்தான் நான். "நான் டாக்டர் இல்லைண்ணே" என்றால், "மலையில எனக்கு நீங்கதான் டாக்டரு" என்பார். அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரமும் அவருக்குப் பனி இறங்கியது. இந்த முறை வண்டியில் இல்லை. பள்ளிக்கூட வராந்தாவில் எங்கள் பெட்டிகளை இறக்கி வைக்கும்போது, மேலிருந்து ஒரு திரை இறங்குகிற மாதிரி இருந்ததாம். வலது கண்ணைப் பொத்தினால் ஒன்றுமே தெரியவில்லையாம். அவர் என்னிடம் வந்து சொன்னபோது அது விலகிவிட்டிருந்தது. உட்கார வைத்து இரண்டு கண்களையும் தனித்தனியாகப் பார்த்தேன். கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தார். புரை இல்லை, சிவப்பு இல்லை, வலியும் இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"கண்ணு நல்லா இருக்குண்ணே" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரிஜிஸ்டர்ல எழுதிடாதீங்க டாக்டரம்மா. டிரைவருக்குக் கண்ணு மறைக்குதுன்னு தெரிஞ்சா மலை டூட்டி குடுக்க மாட்டாங்க" என்றார். அவருடைய மலையை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. நான் எழுதவில்லை. எழுதியிருந்தால், வாரக்கடைசியில் அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் கண் டாக்டர் உடனே அவரைக் கூப்பிட்டிருப்பார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை, ஜமுனாமரத்தூர் டீக்கடையில் அவர் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை வரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். அவ்வளவு பேசிய வாயிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஆம்புலன்ஸ் இறங்கியபோது பனி அடர்த்தியாக இருந்தது. அவருடைய வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவர் இடது கை என் கையைப் பிடித்திருந்தது. அந்தப் பயணம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி வந்து சேர்ந்த பிறகு, மூளை டாக்டர் எங்களை உட்கார வைத்துக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஒரு கண்ணு மட்டும் கொஞ்ச நேரம் மறைஞ்சு, பிறகு தெளிஞ்சதுண்டா?"

"இல்லீங்களே" என்றார் அண்ணி.

நான் தலை குனிந்தபடி, "ரெண்டு தடவை. இடது கண்ணு" என்றேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இடது கண்ணுக்கும் மூளையின் இடது பாதிக்கும் ரத்தம் கழுத்திலுள்ள ஒரே பெரிய குழாய் வழியாகத்தான் போகிறது. அந்தக் குழாயில் அடைப்பு சேரும்போது, அதிலிருந்து உதிர்ந்த துணுக்கு கண்ணுக்குப் போனால் பார்வை மறையும். துணுக்கு கரைந்தால் தெளியும். அடுத்தது மூளைக்குப் போகலாம். கண் தெளிந்துவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றைக்கே வந்திருந்தால் தடுத்துப் பார்த்திருக்கலாம். நான் படிக்காததா இது? இங்கிலீஷ் பெயரோடு பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். அதே நோய், பனி என்ற பெயரோடு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் போன பிறகு அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. உங்ககிட்ட சொல்லியிருக்காரு" என்றார். "நீங்க இன்னா சொன்னீங்கம்மா?"

"கண்ணு நல்லா இருக்குன்னு சொன்னேன் அண்ணி."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றும் அதே மலைக்குத்தான் போகிறேன். பனியா, இரண்டு கண்ணிலுமா, ஒன்றிலா, எவ்வளவு நேரம் என்று நச்சரிப்பதால் எனக்கு வக்கீலம்மா என்று பெயர் வந்துவிட்டது. போன மழைக்காலத்தில் ஓர் அம்மா, "பொக மாரி வந்துச்சு, போய்டுச்சு, அதுக்கு இன்னா இப்போ?" என்று எழுந்து போகப் பார்த்தார். விடவில்லை. பதிவேட்டில் எழுதி, கையோடு அழைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவர் இப்போதும் தன் காலில் நடந்து புளி பொறுக்கப் போகிறார்.

அதைச் சொல்லத்தான் போன மாதம் கண்ணமங்கலம் போனேன். டிரைவர் அண்ணன் வாசலில் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அவருக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு சொல்தான்: சரி. பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன். ஏழு வருடமாகத் தொண்டையில் நின்றதையும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். இரண்டு கண்களும் தெளிவாக இருந்தன.

"சரி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளேயிருந்து அண்ணி, "வெயிலு வந்துடுச்சு, நாற்காலிய நெழலுக்குத் தள்ளட்டா?" என்று கேட்டார்.

"சரி" என்றார், அதே குரலில்.