அந்தோணியின் வலது கை

1. இறங்கிய பிளேட் எழுந்தது

சிங்கப்பூரில் பூன் லேயிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு கப்பல் பட்டறை. அங்கே நான் லிஃப்டிங் சூப்பர்வைசர். கிரேன் தூக்குவதில் எது தவறினாலும் என் தலைதான் உருளும். கிரேன் ஓட்டுபவருக்கு மேலே கேபினிலிருந்து கீழே நடப்பது சரியாகத் தெரியாது. சிக்னல்மேனின் கையைத்தான் நம்புவார். கை மேலே போனால் தூக்க வேண்டும், கீழே போனால் இறக்க வேண்டும். இதில் மூளைக்கு என்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அன்று சிக்னல்மேன் அந்தோணி, தூத்துக்குடிக்காரன். இரும்பு பிளேட்டைப் பூப்போல இறக்கிவிட்டான். சுமையைக் கட்டி அவிழ்க்கும் ரிக்கர்கள் இருவர், அதைக் கொக்கியோடு பிணைத்திருந்த ஸ்லிங்கைக் கழற்றக் குனிந்தார்கள். அப்போது அவன் வலது கை விருட்டென்று மேலே போனது. பிளேட்டின் ஒரு முனையும் கூடவே எழுந்தது. “ஐயோ, நிறுத்து!” என்று கத்தினேன். இருவரும் தாவி விலகிவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை.

கேபினிலிருந்து இறங்கிய கிரேன் ஓட்டுநர், சீனரான லிம் அங்கிள், எங்களோடு பழகிக் கற்ற தமிழில் பொரிந்து தள்ளினார். “கை மேல போச்சு, நான் தூக்குனேன்லா! என் மேல என்ன தப்பு?”

மேனேஜர் சேகர் சாருக்கு ஆத்திரம். “குடிச்சிருக்கானா, இல்ல திமிரா? ஊருக்கு அனுப்பிடுங்க.”

அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, கை தானா போகுதுண்ணே. சின்ன வயசுலேருந்தே உண்டு. நடுவுல அடங்கியிருந்துச்சு. தோள்ல குறுகுறுன்னு வரும், தும்மல் வர்ற மாதிரி. கொஞ்ச நேரம் அடக்கலாம், அப்புறம் முடியாது. ஊருக்கு மட்டும் அனுப்பிடாதீங்க.”

அவன் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. மேனேஜரிடம் கெஞ்சி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

2. கூடினாலும் ஆடும், குறைந்தாலும் ஆடும்

டாக்டர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். “இதுக்கு டிக்னு பேரு, நாம நினைக்காமலே வர்ற அசைவு. மூளையில ஒரு நரம்பு செல்லுலேருந்து இன்னொண்ணுக்குச் செய்தி கொண்டுபோற கெமிக்கல்ஸ் இருக்கு. அதுல டோபமின் ஓவரா வேலை செய்யலாம்னு நினைக்கிறோம். அசைவை அடக்குற காபாங்கிற இன்னொரு கெமிக்கல் சரியா பிரேக் போடாமலும் இருக்கலாம்” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்ன டாக்டர் இது! என் மாமனாருக்கு பார்க்கின்சன். டோபமின் கம்மின்னுதானே மாத்திரை குடுக்குறாங்க? அவருக்கும் கை ஆடுதே!”

“அது வேற, இது வேற அங்கிள். டேங்க்ல தண்ணி பாக்குற மாதிரி பாக்க முடியாது. மூளையில எந்த இடத்துல, எப்படி வேலை செய்யுதுங்கிறதுதான் விஷயம். செரட்டோனின், குளுட்டமேட்னு இன்னும் நிறைய இருக்கு. எதுக்கு எவ்வளவு பங்குன்னு எங்களுக்கே இன்னும் முழுசா தெரியல.”

“அப்ப பிளேட் இறங்குற வரைக்கும் கை ஒழுங்கா இருந்துச்சே?”

“கவனமா வேலை செய்யும்போது நிறைய பேருக்கு அடங்கும். ரிலாக்ஸ் ஆனா வரும். டென்ஷன் ஆனாலும் வரும்.”

எனக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தோணி ஒன்றே ஒன்று கேட்டான். “டாக்டர், நான் வேணும்னு பண்றேனா?”

“இல்லவே இல்ல.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

3. அடங்கிய கை

டாக்டர் கொடுத்த மாத்திரையில் கை அடங்கியது. “சரியாயிடுச்சே, சிக்னலுக்கு விடுங்க” என்றார் மேனேஜர். நான் முதலில் சுமை மாட்டாமல் கிரேனின் வெறும் கொக்கியை வைத்துப் பழக்கிப் பார்த்தேன். நல்லவேளை! நிறுத்தச் சொல்லும் சிக்னல் தாமதமாக வந்தது. அவன் கண் சொக்கியது.

“தூக்கம் வருதாடா?”

“மண்டை கனமா இருக்குண்ணே. கைதான் ஆடலையே, அது போதும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை துள்ளியபோது கண் கூர்மையாக இருந்தது. கை அடங்கியதும் கண் மூடுகிறது. இதில் எதை நோய் என்பது? சிக்னல் வேண்டாம் என்றேன்.

“ஆடுனாலும் வேணாம், ஆடலைனாலும் வேணாமா? நான் என்னதாண்ணே பண்ண?” என்று கத்தினான்.

மறுபடி டாக்டரிடம் போனோம். மாத்திரையைக் குறைத்தார். குறுகுறுப்பு வரும்போது கையை வேறு மாதிரி இறுக்கிப் பிடிக்கப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். தூக்கம் தெளிந்தது, துள்ளல் பாதி திரும்பியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவன் கையையே மாற்றப் பார்க்கிறோமே, எங்கள் பழக்கத்தை மாற்றினால் என்ன? சேகர் சாரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். கை சிக்னலைப் பார்த்து இனிமேல் கிரேன் தூக்காது. வாக்கி டாக்கியில் “தூக்கு” என்று குரல் வந்தால்தான் தூக்கும். இது அந்தோணிக்கு மட்டுமல்ல, எல்லா சிக்னல்மேனுக்கும். டாக்டரும் வேலைக்குப் போகலாம் என்றார்.

4. இன்னொரு கை

அவன் திரும்பி வந்த அன்று பிளேட் இறங்கியது. அவன் கை விருட்டென்று எழுந்தது. கொக்கி அசையவில்லை. ரிக்கர்கள் நிதானமாக ஸ்லிங்கைக் கழற்றினார்கள்.

டோபமின் கூடியதா, காபா குறைந்ததா, இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒருவன் கை எழுந்தால் நீங்களே அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள், அவனிடம் கேளுங்கள்.

அவன் திரும்பி வந்த அன்று, அவன் கை எழுந்தபோது கேபினில் லிம் அங்கிளின் கையும் மேலே போனதைப் பார்த்தேன். கிண்டலோ என்று எனக்குக் கோபம். அவர் இறங்கி வந்ததும் ஏன் அப்படிச் செய்தார் என்று பிடித்துக்கொண்டேன்.

“அவன் சும்மா தூக்குறான். தனியா தூக்குனா அவனுக்கு வெக்கம். நானும் சும்மா தூக்குறேன்லா” என்றார்.