அரையடி பின்னால் நிற்பவர்

ஆங்கிலப் பிரசங்கத்தைத் தமிழில் சொல்ல மைக்கைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கைக்குட்டையால் துடைக்கிறார். பிறகு பிரசங்கியாருக்கு இடது பக்கம், அரையடி பின்னால் தள்ளி நின்றுகொள்கிறார். பிரசங்கியாரின் வலது கை உயர்ந்தால் இவர் கையும் உயரும். அவர் குரல் தழுதழுத்தால் இவருக்கும் தொண்டை அடைக்கும். ஒருமுறை வெளிநாட்டுப் போதகர் ஒருவர் மேடையில் தும்ம, இவரும் பின்னாலேயே ஒரு தும்மல் போட்டுவிட்டார். அன்று முதல் சபையின் பொடிசுகளுக்கு இவர் ‘எக்கோ மாமா’, பெரியவர்களுக்கு ‘எக்கோ அண்ணன்’. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் சபையிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள்.

வாரநாட்களில் மருந்துக்கடை. சபைக் கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில், இரண்டு படி இறங்கிப் போகிற கடை. திறந்ததிலிருந்து பூட்டுகிறவரை கண்ணாடி கவுன்ட்டரை விட்டு வெளியே வரமாட்டார். தெரிந்தவரோ தெரியாதவரோ, சொந்த அக்காவே வந்தாலும் எல்லாரும் அந்தப் பக்கம்தான். மாத்திரை அட்டையை நீட்டி, “சாப்பாட்டுக்கு அப்புறம்” என்பார். வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் அட்டையிலிருந்து பிடி தளரும். “ஞாயித்துக்கிழமை நீ பண்றதை எங்களைத் தினமும் பண்ண வைக்கிறியே” என்று ஒரு முதியவர் அலுத்துக்கொண்டிருக்கிறார். அவரும் திருப்பிச் சொல்லித்தான் வாங்கிப் போனார்.

மொழிபெயர்ப்பைப் பற்றி யாராவது பாராட்டினால், “நான் வெறும் குழாய்ப்பா. தண்ணி எங்கேயிருந்தோ வருது” என்பார். அடக்கமான பேச்சுதான். ஆனால் உண்மை இல்லை. ஆங்கிலத்தில் பேசுகிறவர் ஒரு அப்போஸ்தலர் சொன்னதை இன்னொருவர் தலையில் கட்டினால், தமிழில் அது சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடும். வசனத்தின் அதிகார எண் தவறினால் இவர் வாயில் திருந்திவிடும். சவசவ என்று ஒரு மனிதர் பேசிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். எத்தனையோ சுமாரான பிரசங்கிகள் இவர் புண்ணியத்தில் பெரிய பிரசங்கிகளாக ஊர் திரும்பியிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம் என்றே இவரும் நினைத்திருந்தார், சபையும் நினைத்திருந்தது.

போன வருடம், ஜெபத்தால் நோய் தீர்ப்பதாகச் சொல்லும் ஒரு சுகமளிக்கும் ஊழியர், சில வாரங்கள் தங்கிக் கூட்டங்கள் நடத்த வந்தார். பார்க்க நல்ல மனிதர். சிரித்த முகம், குழந்தைகளிடம் பிரியம், ஆடம்பரம் கிடையாது. கள்ளப் போதகன் என்றால் கண்ணும் மூக்கும் வேறு மாதிரி இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், எங்கே இருக்கிறது! எக்கோ அண்ணனை உறுத்தியது ஒரு சின்ன விஷயம். வசனத்தைச் சட்டென்று எடுத்து வாசிப்பதற்காக இவர் எப்போதும் வேதத்தின் பக்கங்களுக்கு நடுவில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நிற்பார். முதல் கூட்டம் முடிகிறவரை அந்த விரலுக்கு வேலையே வரவில்லை. வந்தவர் வேதத்தை மூடி வைத்து, பேசும்போதெல்லாம் அதன் அட்டையைத் தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

பேச்சின் உச்சியில் அந்த மனிதர் ஒரு வாக்கியம் சொன்னார். மாத்திரை விழுங்குகிறவன் ஆண்டவருடைய காயங்களின் மேல் துப்புகிறான் என்பது அதன் பொருள்; சிலுவையில் அவர் பட்ட காயங்களே நோயைத் தீர்த்துவிட்டனவாம். மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் பழகின நாக்கு அல்லவா, அதன் போக்கில் வேலையைப் பார்த்துவிட்டது. “எந்த மாத்திரையையும்விட அவருடைய காயங்கள் பெரியவை” என்று தமிழில் சொன்னார். கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. நிலைமையைச் சமாளித்துவிட்டோம் என்று இவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இவருடைய அக்கா தையல்காரர். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரையின் தயவில் பல வருடங்களாக அது எட்டிப் பார்க்கவில்லை. அந்த மாதம் அக்கா கடைக்கு வரவில்லை. கூட்டங்களுக்குப் போய் வருகிற அலைச்சலில் மறந்திருப்பார், நாளைக்கு வருவார் என்று அட்டைகளை எடுத்து இழுப்பறையில் தனியே வைத்திருந்தார் தம்பி. அக்கா வரவில்லை. ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து, சூடான பெட்டியின் மேலேயே கை விழும்படி சரிந்தார். பக்கத்து வீட்டுக்காரி கருகல் வாடை வந்து ஓடிப் போய்த்தான் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஏன்க்கா நிறுத்தினே என்று கேட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

“நீதானேடா சொன்னே. அவர் இங்கிலீஷ் எனக்கு என்ன தெரியும்? காயம் பெரிசுன்னு நீ சொன்னப்ப உடம்பெல்லாம் சிலிர்த்துது. இவ்வளவு அழகா எதையும் நான் கேட்டதில்ல. அன்னைக்கே நிறுத்திட்டேன்.”

அந்த மனிதர் சொன்னபடியே சொல்லியிருந்தால் அக்கா பயந்து எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். கசப்பைத் துப்ப விடாமல் உள்ளே இறக்கியது தன் தமிழ் என்று அங்கே, அந்தக் கட்டில் ஓரத்தில் இவருக்குப் புரிந்தது. மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். விசுவாசத்தில் நடந்துகொண்டிருக்கும்போது திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று அக்கா அதைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டார்.

சபைப் போதகரிடம் போய்ச் சொன்னார். போதகர் நல்லவர்தான், ஆனால் சண்டை என்றால் அவருக்கு ஆகாது. இந்த ஞாயிறோடு அந்த மனிதர் கிளம்பிவிடுவார், அப்புறம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்றார். கூடவே, “நீங்க பேசினா, கடை படுத்துடும்னு பேசுறதாத்தான் எடுத்துப்பாங்க அண்ணே” என்றும் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஞாயிறு ஆராதனையில் சபை நிரம்பி வழிந்தது. கையில் கட்டோடு அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார். இவர் மைக்கைத் துடைத்தார், அரையடி பின்னால் நின்றார். எதிர்பார்த்த இடத்தில் அந்த வாக்கியம் மறுபடி வந்தது. இம்முறை ஒரு சொல்கூடக் குறையாமல் சொன்னார்: “மாத்திரை விழுங்குகிறவன் ஆண்டவருடைய காயங்களின் மேல் துப்புகிறான்.” பெருமூச்சு எழவில்லை. தமிழ் தெரியாத அந்த மனிதர், அது எழும் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

எக்கோ அண்ணன் அரையடி முன்னால் வந்தார். பேசியபோது குரல் மேடைக் குரலாக இல்லை. கடையில் பேசுகிற குரலாக இருந்தது.

“இது அவர் சொன்னது. அன்னைக்கும் இதையேதான் சொன்னார். நான்தான் தேன் தடவிக் கொடுத்தேன். அதை நம்பி என் அக்கா மருந்தை நிறுத்தினாங்க, இப்போ கையைச் சுட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இந்தப் போதனை பொய். வேதத்துல இது இல்ல. யாராவது நிறுத்தியிருந்தா இன்னைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. மருந்து எந்தக் கடையில வேணும்னாலும் வாங்கிக்குங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்.”

மைக்கை அந்த மனிதருக்கு முன்னால் வைத்துவிட்டு இறங்கினார். பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. போதகர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். இவர் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான்: அக்கா எழுந்து, யாரையும் பார்க்காமல், வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

கொஞ்ச காலம் சபையில் இவரை மேடைக்குக் கூப்பிடவில்லை. கடைக்கு வந்துகொண்டிருந்த சிலரும் அடுத்த தெருவுக்கு மாறிவிட்டார்கள். இப்போது மறுபடி மொழிபெயர்க்கிறார். ஆனால் வருகிற பிரசங்கியார் முன்கூட்டியே கடைக்கு வந்து, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று, என்ன பேசப்போகிறார் என்று சொல்லியாக வேண்டும். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு வேறு ஆள் போகிறார். பிழை திருத்துகிற பழக்கத்தையும் விட்டுவிட்டார். தப்பு தப்பாகவே தமிழுக்கு வருகிறது, பிரசங்கங்களின் அழகு கொஞ்சம் குறைந்துதான் போயிருக்கிறது.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை, கடையில் நாலைந்து பேர் நின்றிருக்கும்போது அக்கா படி இறங்கி வந்தார். டாக்டரின் சீட்டைக் கண்ணாடியின் மேல் வைத்தார். இவர் இழுப்பறையைத் திறந்து, தனியே வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

“சாப்பாட்டுக்கு அப்புறம்.”

அக்கா திருப்பிச் சொல்லவில்லை. அட்டையின் ஒரு நுனி தம்பி கையில், மறு நுனி அக்கா கையில்.

“இதை யாருடா சொல்றது?”

“நான்தான்க்கா.”

“வேற யாருக்கும் பதிலா இல்லையே?”

தம்பி கவுன்ட்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைத் தானே பிதுக்கி எடுத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்காவுக்கு எதிரே நின்றார்.

“சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்” என்று சொல்லி அக்கா, கட்டுப் போடாத கையை நீட்டினார்.