நகர்ந்து போன நாலாவது குறிப்பு

எமிர் பால் வண்டி ஓட்டுகிறவர். வேல்ஸின் மலைச்சாலைகளில் வருஷம் முழுக்க வண்டி ஓட்டியும் மனுஷருக்கு அலுக்காது. ஆகஸ்ட் வந்ததும் காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு, மனைவி எலுனெட்டோடும் மகள் நெஸ்டாவோடும் கடலோர முகாமுக்கு வந்துவிடுவார். வந்து சேர்ந்ததும் மழை கொட்டும். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்!

எமிர் வந்தால் புதையல் வேட்டை உண்டு என்பது முகாமிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒன்று அடுத்ததற்கு வழி சொல்லும்படி பாட்டாக எழுதிய ஏழு குறிப்புகள், அவற்றை ஒளித்து வைக்க ஏழு தீப்பெட்டிகள், கடைசியில் மணல்மேட்டில் புதைத்த ஒரு டப்பா மிட்டாய்.

இந்த வருஷம் மட்டும் அவருக்கு ஒரு சிக்கல். காரணம் நெஸ்டா. பன்னிரண்டு வயதாகிவிட்டதாம்.

"அதெல்லாம் சின்னப் பசங்க வெளையாட்டுப்பா. என்னை விட்டுடு" என்று சொல்லிவிட்டு போனும் கையுமாகக் கேரவனுக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு மூன்று வயதானபோது அவளுக்காகவே ஆரம்பித்த வேட்டை அது. "இன்னைக்கு அவ வரலைன்னா இதோட மூட்டை கட்டிடறேன்" என்று எலுனெட்டிடம் சொன்னார்.

பதினோரு மணிக்கு வேட்டை தொடங்கியது. தண்ணீர்க் குழாயடியில் ஒன்று, குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒன்று, கழிப்பறைச் சுவரில் ஒன்று. பிள்ளைகள் பறந்தார்கள். நாலாவதை மட்டும் காந்தம் வைத்து பிரிச்சர்ட் தம்பதியின் கேரவனுக்கு அடியில் ஒட்டியிருந்தார். இருபது வருஷமாக ஆகஸ்ட் முடியும்வரை அதே இடத்தில் நிற்கிற கேரவன். வாசலில் பூந்தொட்டி வேறு. அது நகரும் என்று யார் கண்டது?

பிள்ளைகள் போய்ப் பார்த்தால், கேரவன் நின்ற இடத்தில் மஞ்சள் பாய்ந்த புல்தான் நீளமாகக் கிடந்தது.

"அந்தம்மாவுக்குப் பல்வலி. இப்பத்தான் ஊருக்குக் கெளம்பினாங்க" என்றார் பக்கத்துக் கேரவன்காரர்.

"ஐயையோ, என் குறிப்பு!" எமிர் ஓட்டம் பிடித்தார். முகாமுக்குள் மணிக்கு ஐந்து மைலுக்கு மேல் போகக்கூடாது. பிரிச்சர்ட் நாலுக்கு மேல் போகாத மனுஷர். அந்தத் தைரியத்தில்தான் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. இதுவும் வேட்டையில் சேர்த்தி என்று நினைத்து, பதினான்கு பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

ஜன்னல் வழியாக இதைப் பார்த்த நெஸ்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனை எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

"தள்ளுப்பா! உன்னால ஆகாது!"

எல்லாரையும் முந்தினாள். பிரிச்சர்ட் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். "எதையோ மறந்துட்டு வந்துட்டோம்டி. முகாமே தொரத்திட்டு வருது!"

"உங்க மூளையைத்தான்" என்றாள் மனைவி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

நெஸ்டா ஈரப் புல்லில் படுத்துத் தீப்பெட்டியைப் பிடுங்கினாள். குறிப்பைப் படித்து மூக்கைச் சுளித்தாள். "ஐய, இது ஒரு பாட்டா? சகிக்கலை!"

எமிர் மூச்சு வாங்கியபடி புல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு.

"உட்கார்ந்துட்டா எப்படி? எழுந்திருப்பா!" அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அடுத்த வருஷம் குறிப்பெல்லாம் நான் எழுதறேன். நீ பசங்களோட தேடு."

எமிருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு எழுந்து அவள் பின்னால் ஓடினார்.