மாமா வாங்காத கடிகாரம்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துப் படிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வேறு தொழில்: பழைய கடிகாரம் வாங்கி விற்பது. அதிலும் வீடு மாதிரி செய்த குட்டிக் கடிகாரம் என்றால் உயிரையே விடுவார். ஒரு சாண் உயரம்தான் இருக்கும். மேலே சாய்ந்த மரக்கூரை, முன்னால் கண்ணாடிக் கதவு, கதவின் கீழ்ப்பாதியில் ஒரு பூவோ குருவியோ, உள்ளே ஆடுகிற பெண்டுலம். வெள்ளைக்கார மிஷனரிகள் ஊர் திரும்பும்போது வாத்தியார் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. மாமா அவற்றைத் தேடிப் பிடித்து, காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருந்தவருக்கு விற்பார்.

பேரத்தில் மாமாவை யாரும் மிஞ்ச முடியாது. "இது வீட்டுல சாவு விழப்போறப்ப மட்டும் தானா ஓடுத கடியாரம் டீச்சர், வீட்டுல வச்சிருந்தா உங்களுக்குத்தான் சங்கடம்" என்பார். கடிகாரத்துக்குச் சொந்தக்காரர்களே சாக்கைப் பிடித்து உள்ளே போட்டுத் தருவார்கள். சைக்கிளின் பின்னால் அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வருவது என் வேலை.

நாரணாபுரத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் மாமாவின் வித்தை செல்லவில்லை. அது எங்கள் சர்ச்சைச் சேர்ந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீடு. அவரும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவர் மகளும்தான். சர்ச் முடிந்ததும் மாமா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு அங்கே போவார். அந்த வீட்டில் இருந்த குட்டிக் கடிகாரத்தைத் தூக்கிப் பார்ப்பார், காதில் வைத்துக் கேட்பார். நர்ஸ் அக்கா டீ கொண்டுவருவார். கடிகாரத்தை வாங்காமலே நாங்கள் திரும்புவோம்.

ஒரு ஞாயிறு ஹெட்மாஸ்டரே, "சரிய்யா, நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கிடுங்க" என்றார். மாமாவுக்கு வேர்த்துவிட்டது.

"கூரையில ஒரு கீறல் இருக்கே சார். யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுதேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனைக்கும் அந்த நாட்களில் மாமா சரியாகச் சாப்பிடுவதுமில்லை. அந்த அக்காவுக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்ல, மாமா சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். கடிகாரமும் அந்த அக்காவோடு தூத்துக்குடிக்குப் போய்விடும் என்ற பயம் என்று நான் புரிந்துகொண்டேன்.

தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் குவிந்ததால் மாமாவுக்கு ஞாயிறும் வேலை. "இந்த வாரம் வரமுடியலன்னு மட்டும் சொல்லிட்டு வாலே" என்று என்னை அனுப்பினார். நான் அதோடு நிற்கவில்லை.

"சார், எங்க மாமா இந்தக் கடியாரத்த நெனச்சு நெனச்சு சாப்பிடவே மாட்டேங்காக. ராத்திரி தூங்கவும் மாட்டேங்காக."

உள்ளே அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. ஹெட்மாஸ்டர் உருகிப்போனார். "இம்புட்டு ஆசையா? பாவம். காசு வேண்டாம்லே, நான் குடுத்தேன்னு சொல்லு" என்று கடிகாரத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்தேன். வேலை முடிந்து வந்த மாமா கடிகாரத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னலே பண்ணித் தொலைச்ச?"

"சும்மாவே குடுத்துட்டாக மாமா!"

"ஏலே, இனி அங்கன நான் எதுக்குலே போறது?"

"போகவே வேண்டாம் மாமா. அதான் வேலை முடிஞ்சிருச்சில்ல."

மாமா என்னை அடிக்காமல் விட்டது அன்றைக்குப் பெரிய அதிசயம். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், கதவைத் திறந்து பெண்டுலத்தைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். தன் சரக்கைத் தானே கெடுக்கிற வியாபாரியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு மாமா வேலைக்கு மட்டம் போட்டார். கடிகாரத்தோடு மறுபடி நாரணாபுரம். "ஓட மாட்டேங்குது சார். உங்க வீட்டுலயே இருக்கட்டும். நான் வாராவாரம் வந்து கொஞ்சங்கொஞ்சமா ரிப்பேர் பாத்துக் குடுக்கேன்" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓசியில் கொடுத்த மனிதரிடம் பொய்யா?

"போன வாரம் வரைக்கும் நல்லா ஓடுச்சு சார்! மாமாதான் பெண்டுலத்தக் கழட்டிட்டாக. இந்தா, பையிலதான் இருக்கு!"

மாமா தரையைப் பார்த்தார். நர்ஸ் அக்கா டீயை வைத்துவிட்டு நிலைப்படியோடு நின்றுகொண்டார், உள்ளே போகவில்லை. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மகளைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார்.

"என்னம்மா, ரிப்பேருக்கு இவரு வாராவாரம் வரணுமா?"

"கடியாரம் ஓடணும்லப்பா" என்றார் அக்கா.

ஹெட்மாஸ்டர் ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "தம்பி, உங்க அக்காவ வந்து என்னையப் பாக்கச் சொல்லுங்க" என்றார் கடைசியில் மாமாவிடம்.

வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். விஷயம் அம்மா வரைக்கும் போய்விட்டது, மாமாவைத் திருடன் என்று சர்ச்சில் எழுப்பி நிறுத்தப் போகிறார்கள் என்று பயம். மாமாவோ சைக்கிளை மிதித்துக்கொண்டே சீட்டியடித்தார். பயத்தில் புத்தி கலங்கிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அம்மா மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். தப்புச் செய்தவரே புதுச்சட்டை போட்டு முன்னால் நின்றார். ஒரு பெண்டுலத்தைக் கழற்றியதற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் எதற்குப் பட்டுச்சேலை கட்டி, தட்டு நிறையப் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு, வாடகைக் கார் பிடித்துப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

எழுதி முடித்தது: தீபாவளி கழிந்து கம்பெனிகள் இன்னும் திறக்காத ஐப்பசி மாத ஞாயிறு, மத்தியானம்.